சமூக சேவையும் சமூகப் பணியும்: கரையோர மண்ணுக்கு வேண்டிய ஒரு தொழில்வாண்மை

கல்முனை நகரின் பிரதான வீதி வழியே செல்லும் எவரும் வாழ்த்துப் பதாகைகளைக் காணாமற் செல்ல முடியாது. சமாதான நீதவானாக நியமனம் பெற்றவர், ஹஜ் கடமையை நிறைவேற்றித் திரும்பியவர், விளையாட்டுக் கழகமொன்றின் தலைவராகத் தெரிவானவர் எனப் பலரது பெயர்களுக்கு முன்னால் ‘சமூக சேவையாளர்’ என்னும் அடைமொழி இடம்பெற்றிருக்கும். அதனை எவரும் ஆட்சேபிப்பதில்லை. வெள்ளம் வந்தால் சோற்றுப் பார்சல் கட்டுபவரும், ஏழைக் குமரின் திருமணத்துக்கு உதவி சேகரிப்பவரும் அப்பெயருக்கு உரியவர்களே.

ஆனால், அதே நகரிலுள்ள இளைஞர் ஒருவர் நான்கு ஆண்டுகள் சமூகப் பணியைக் கற்றுப் பட்டம் பெற்று வந்தால், அவரிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி, “சமூக சேவை செய்வதற்கும் பட்டம் வேண்டுமா?” என்பதாகும். இக்கேள்வி கேலியாகக் கேட்கப்பட்டாலும் அதற்குள் உண்மையான ஒரு பிரச்சினை பொதிந்துள்ளது. சமூக சேவை நற்பண்பு. சமூகப் பணி அறிவும் ஒழுக்க நெறியும் பொறுப்புக்கூறலும் கொண்ட தொழில். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் பாதிக்கப்படுவோர் பட்டதாரிகள் மட்டுமல்லர். உதவி நாடி வரும் விதவையும், நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படும் சிறுவனும், போதைக்கு அடிமையான மகனை மறைத்து வாழும் தாயும் பாதிக்கப்படுகின்றனர்.

கொடையும் சேவையும் வேரூன்றிய மண்

அம்பாறைக் கரையோரத்தில் சமூகப் பொறுப்புணர்வு இல்லையென எவரும் கூற முடியாது. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் துறவறம் பூண்டு, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் ஊடாகக் கிழக்கின் ஏழைச் சிறாருக்குக் கல்விக் கண் திறந்தார். 1942இல், இரண்டாம் உலகப் போரின் உணவு நெருக்கடிக் காலத்தில், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் உணவு உற்பத்தியைப் பெருக்குவதில் ஈடுபட்டதோடு, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் உருவாக்கினார். 1945இல் அவர் தோற்றுவித்த இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்துக்கான எண்ணம் இப்பிரதேச மக்களின் வறுமையை நேரில் கண்ட அனுபவத்தோடு தொடர்புடையது. ஒருவர் துறவி, மற்றையவர் சிவில் சேவை அதிகாரி. இருவரும் நட்புக் கொண்டிருந்தனர் என்பது தமிழ், முஸ்லிம் மக்கள் இருசாராரும் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தியாகும்.

இவற்றுக்கு அப்பாலும் பள்ளிவாசல் மரைக்காயர் சபைகளும், கோயில் குடிமுறைகளும், ஸகாத் நிதியங்களும், மரண உதவிச் சங்கங்களும் நீண்டகாலமாக இயங்கி வருகின்றன. கணவன் மனைவி பிணக்கு முதலில் இரு வீட்டாரிடமும், பின்னர் ஊர்ப் பெரியோரிடமும் செல்லும். முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும், கணவன் தலாக் கூற முற்படும்போது காதி நீதவான் உறவினர்களதும் பிரதேசப் பெரியோர்களதும் துணையுடன் சமரசத்துக்கு முயல வேண்டுமென எதிர்பார்க்கின்றது. ஆக, சமூகப் பணியின் விதைகள் எமது மண்ணிலேயே உள்ளன.

அவ்வாறாயின் தொழில்வாண்மை எதற்கு? உறவினரும் பெரியோரும் நல்லெண்ணம் உடையவர்களாயினும் நடுநிலையானவர்களாக இருப்பதென்பது கடினம். அடிவாங்கிய பெண்ணிடம் “பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள் மகள்” என்று கூறும் பெரியவர் அவளுக்குத் தீங்கு நினைப்பவர் அல்லர். ஆயினும் அந்த வீட்டுக்கு அவள் மீண்டும் செல்வது பாதுகாப்பானதா என்பதை மதிப்பிட அவருக்கு எவரும் பயிற்சி அளித்ததில்லை. நல்லெண்ணம் முடியும் இந்த இடத்திலேயே பயிற்சியின் தேவை தொடங்குகின்றது.

உலகில் இத்தொழில் உருவான விதம்

மேலை நாடுகளிலும் சமூகப் பணி தர்மத்திலிருந்தே பிறந்தது. நிவாரணம் வழங்கிய சங்கங்கள், ஒரே குடும்பம் ஆண்டுதோறும் கையேந்தி நிற்பதைக் கண்டு, காரணத்தை அறியாமல் உதவுவதிற் பயனில்லை என உணர்ந்தன. 1898இல் நியூயோர்க்கில் கோடைகாலப் பயிற்சி வகுப்பொன்று ஆரம்பமானது. மறு ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் சமூகப் பணிக்கான பயிற்சி நிறுவனம் தோன்றியது.

எனினும் அங்கீகாரம் இலகுவாகக் கிடைக்கவில்லை. அமெரிக்க மருத்துவக் கல்வியைச் சீர்திருத்தியதால் புகழ்பெற்றிருந்த ஏப்ரஹாம் பிளெக்ஸ்னர் 1915இல் பால்டிமோரில் நடைபெற்ற மாநாட்டில், சமூகப் பணி ஒரு தொழில்வாண்மையா என்ற வினாவை எழுப்பி, இல்லையென விடை கூறினார். சமூகப் பணியாளர் பிற தொழிலாளர்களுக்கிடையே இணைப்பாளராகவே செயற்படுகிறார், அவருக்கெனத் தனித்த முறை இல்லை என்பது அவரது வாதம். இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1917இல், மேரி றிச்மண்ட் ‘சமூக நோயறிதல்’ எனப் பொருள்படும் தலைப்பில் எழுதிய நூல், ஒரு குடும்பத்தின் நிலையை எவ்வாறு விசாரிப்பது, சான்றுகளை எவ்வாறு ஒப்புநோக்குவது, முடிவுக்கு எவ்வாறு வருவது என்பவற்றை ஒழுங்குபடுத்தித் தந்தது. பிளெக்ஸ்னரின் வினாவுக்கு அத்துறை அளித்த முதற்பெரும் விடையாக அந்நூலைக் கொள்ளலாம்.

எமது பிராந்தியத்தில் 1936இல் பம்பாயில் தொடங்கப்பட்ட டாட்டா நிறுவனத்தின் பட்டப்பின் பாடசாலையே முன்னோடியாகும். 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னை சமூகப் பணிக் கல்லூரி உருவானது. அதே 1952இலேயே கொழும்பிலும் சமூகப் பணி நிறுவகம் ஆரம்பிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இத்துறை பல கல்லூரிகளுக்குப் பரவிப் பட்டப்பின் படிப்பாக வேரூன்ற, இலங்கையிலோ டிப்ளோமா மட்டத்திலேயே நீண்டகாலம் நின்றுவிட்டது. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைக்கப்பட்டது. சமூகப் பணி இளமாணிப் பட்டக் கற்கைநெறி அங்கு 2005இலேயே தொடங்கியது. முதுமாணிக் கற்கைநெறி 2008இல் தொடர்ந்தது. பயிற்சி தொடங்கியதற்கும் பட்டம் கிடைத்ததற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்தமை, அரசும் சமூகமும் இத்தொழிலை எவ்வளவு தூரம் பொருட்படுத்தின என்பதற்குச் சான்றாகும்.

சுனாமி கற்பித்த பாடம்

அந்தப் பட்டக் கற்கைநெறி 2005இல் ஆரம்பமானபோது எமது கரையோரம் மயானமாகக் காட்சியளித்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறையாகும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கு மாண்டனர். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் முதற்கொண்டு திருக்கோவில், கோமாரி, பொத்துவில் வரை அழிவு பரவியது. அலை தமிழ்த் தெரு, முஸ்லிம் தெரு எனப் பிரித்துப் பார்க்கவில்லை.

உதவி அமைப்புகள் பல திரண்டு வந்தன. ஓரிரு நாட் பயிற்சியுடன் ‘உளவளத்துணையாளர்’ ஆனவர்கள் முகாம்களில் உலாவினர். ஒரே தாயிடம் வெவ்வேறு அமைப்பினர் வந்து, பிள்ளையை அலை கொண்டுசென்ற கதையை மீண்டும் மீண்டும் சொல்லவைத்தனர். படம்பிடித்தனர்; படிவம் நிரப்பினர்; திரும்பி வரவில்லை. துயருற்றவரைப் பேசுமாறு வற்புறுத்துவது குணப்படுத்தாது, சில வேளைகளில் ஊறு செய்யும் என்பது சமூகப் பணி மாணவர் ஆரம்பத்திலேயே கற்கும் பாடமாகும்.

இதனிலும் ஆழமான பாடத்தை வீட்டு விடயத்தில் நாம் பெற்றோம். கிழக்கின் தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் வீடு பெண்ணுக்கு உரியது. தாய் தன் வளவிலோ அருகிலோ மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பாள். மருமகன் அங்கு வந்து வாழ்வான். கணவன் கைவிட்டாலும் மரணித்தாலும் பெண்ணின் தலைக்கு மேல் கூரை இருக்கும் என்பதே இம்மரபின் சாரம். சுனாமிக்குப் பின்னர் வடகிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றர் வரை கட்டடத் தடை வலயம் அறிவிக்கப்பட, கடலோரத்தில் வாழ்ந்தோர் புதிய வீட்டுத்திட்டங்களுக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. அப்போது அரச படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்ற ஒரு கட்டம் இருந்தது. அதனை ஆணின் பெயரால் நிரப்புவதே வழக்கம். இதன் விளைவாக, தாயிடமிருந்து பெற்ற வீட்டை அலையிடம் இழந்த பெண்கள் பலருக்கு, மாற்று வீடு கணவனின் பெயரிலேயே வழங்கப்பட்டது. பெண்கள் அமைப்புகள் இதனைச் சுட்டிக்காட்டிக் குரலெழுப்பின. ஆயினும் பல படிவங்கள் அதற்கு முன்னரே நிரப்பப்பட்டு விட்டன.

இதில் எவரும் தீய நோக்குடன் செயற்படவில்லை. படிவத்தை வடிவமைத்தவர் இப்பிரதேசத்தின் குடும்ப அமைப்பை அறியவில்லை. அதனை நிரப்பிய உள்ளூர் உத்தியோகத்தர் குடும்ப அமைப்பை நன்கறிந்திருந்தும், அவ்வறிவைத் தனது தொழிலின் பகுதியாகக் கருதவில்லை. கேள்வி கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்ற எண்ணமும் அவருக்கு இருந்திருக்காது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவர் அவ்விடத்தில் இருந்திருந்தால், “இவ்வீடு யாருடையதாக இருந்தது?” என்பதே அவரது முதற் கேள்வியாக இருந்திருக்கும். தொழில்வாண்மை அடையாளம் என்பது பெயர்ப்பலகை அன்று. படிவம் தவறெனத் தெரிந்தால் அதனைச் சுட்டிக்காட்டுவதற்கான துணிவையும் கடமையையும் ஒருவருக்குத் தரும் உட்பிடிப்பு அதுவாகும்.

பதவிகள் பல, தொழில் எது?

இன்று எமது பிரதேச செயலகமொன்றினுள் நுழைந்தால் சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சமுர்த்தி அபிவிருத்தி உத்தியோகத்தர் எனப் பலரைக் காணலாம். நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாண நிர்வாகத்தின் கீழ் நீதிமன்றத்துடன் தொடர்புபட்டுக் கடமையாற்றுகின்றார். இவர்கள் அனைவரும் செய்வது சமூகப் பணியே. ஆனால் இவர்களுட் பெரும்பாலானோர் தம்மைச் சமூகப் பணியாளர் எனக் கருதுவதில்லை. தாம் பணிபுரியும் அமைச்சின் அல்லது திணைக்களத்தின் பெயராலேயே தம்மை அடையாளப்படுத்துகின்றனர். ஒரே வீட்டின் வறுமை ஒருவருடைய கோப்பிலும், பிள்ளையின் இடைவிலகல் இன்னொருவருடைய கோப்பிலும், தாயின் மனச்சோர்வு மூன்றாமவருடைய கோப்பிலும் தனித்தனியே கிடக்க இதுவே காரணமாகும்.

அரசு 2012ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் வேலையற்ற பட்டதாரிகளைப் பெருந்தொகையாகச் சேர்த்துக்கொண்டது. வரலாறு, புவியியல், அரசியல் விஞ்ஞானம், அரபு மொழி கற்றோர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களது திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களுட் பலர் அனுபவத்தால் தேர்ச்சி பெற்றவர்கள். ஆயினும், பட்டம் பெற்றவர் எவரும் குடும்பமொன்றின் உள்விவகாரத்தில் தலையிடலாம் எனக் கருதிய அதே அரசு, விஞ்ஞானப் பட்டதாரி என்பதற்காக எவரையும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அனுப்பியதில்லை.

இதன் பாரதூரத்தை உணர்த்த ஓர் உதாரணம் போதும். 2013இல் வெளியிடப்பட்ட சுற்றறிக்கை, வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்கள் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ பெற வேண்டுமென விதித்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் செல்ல முடியாதிருந்தது. 2022இல் இவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. குடும்பப் பின்னணி அறிக்கை என்பது பெயரளவில் சமூகப் பணியின் அடிப்படைக் கருவியாகும். பிள்ளை யாரிடம் இருக்கும், கடன் எவ்வளவு, தாய் ஏன் செல்ல நேர்கிறது, உள்ளூரில் மாற்றுவழி உண்டா என ஆராய்ந்து குடும்பத்துக்குத் துணைநிற்பதற்கு அது உதவியிருக்க வேண்டும். நடைமுறையிலோ அது தடையா அனுமதியா எனத் தீர்மானிக்கும் முத்திரையாகிவிட்டது. தடுக்கப்பட்ட பெண்கள் முகவர்களின் வேறுவழிகளை நாடினர். கருவி இருந்தது, அதனைக் கையாளும் தொழில் இருக்கவில்லை.

சட்டமும் ஏற்கனவே இத்தொழிலின் மீது பொறுப்பைச் சுமத்தியுள்ளது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதுகாப்புக் கட்டளை கோரப்படும் வழக்கில் சமூகப் பணியாளர் ஒருவரின் அல்லது குடும்ப உளவளத்துணையாளரின் ஆலோசனைக்குத் தரப்பினரை நீதவான் அனுப்பலாம். வழக்குரைப்பவர் சத்தியப்பிரமாணம் செய்த சட்டத்தரணி. காயத்தைப் பரிசோதிப்பவர் மருத்துவ சபையிற் பதிவு பெற்ற வைத்தியர். ஆனால் சமூகப் பணியாளர் என்பவர் யார், தவறு செய்தால் அவரை விசாரிப்பவர் யார் என்பதை நிர்ணயிக்கும் சட்டபூர்வமான பதிவு முறை இந்நாட்டில் வேரூன்றவில்லை.

இரகசியம் காக்கும் கடமை

சமூகப் பணிப் பட்டக் கல்வியின் உயிர்நாடி விரிவுரை மண்டபத்தில் இல்லை, களப்பயிற்சியில் இருக்கின்றது. மாணவர் வைத்தியசாலையிலோ, சிறுவர் இல்லத்திலோ, கிராமத்திலோ பல மாதங்கள் பணியாற்ற வேண்டும். ஒவ்வொரு சந்திப்பையும் எழுத வேண்டும், மேற்பார்வையாளர் அதனை வாசித்து, “நீர் ஏன் இவ்விடத்தில் அறிவுரை கூறினீர்? அவர் பேசி முடிக்கவில்லையே?” எனக் கேட்பார். தனிநபர் பணி, குழுப் பணி, சமுதாய ஒழுங்கமைப்பு ஆகிய முறைகள் இவ்வாறே கைவரப் பெறுகின்றன. தன் விருப்பு வெறுப்பைத் தானே அடையாளங்காண்பதும் இதன் வழியாகவே.

இது எமது ஊர்களில் மிகவும் வேண்டப்படுவதாகும். கரையோர ஊர்கள் வீடோடு வீடு ஒட்டியவை. குடிவழியும் கொள்வினை கொடுப்பினையும் எல்லோரையும் பிணைத்துள்ளன. விசாரிக்க வரும் உத்தியோகத்தர் மாமி முறையானவராகவோ, மாப்பிள்ளை வீட்டாருக்கு உறவினராகவோ இருப்பார். ஒரு சொல் வெளியே சென்றால் ஒரு குமரின் வாழ்வு பாழாகலாம். அதனாலேயே குடும்பங்கள் மௌனம் காக்கின்றன. தற்கொலைக்கு முயன்ற மகளை ‘வயிற்று வலி’ என வைத்தியசாலையில் அனுமதிப்பதும், ‘ஐஸ்’ போதையில் விழுந்த மகனைத் தூர இடத்து உறவினரிடம் அனுப்பிவிடுவதும் இம்மௌனத்தின் வடிவங்களே. தன்னிடம் கூறப்பட்டதைத் தன் மனைவியிடமோ பள்ளிவாசல் தலைவரிடமோ கூறாதவர் என ஊர் நம்பும் ஒருவர் இருந்தாற்றான் அம்மௌனம் கலையும். இந்நம்பிக்கையைத் தனிநபரின் நற்குணத்தில் மட்டும் தங்கவிட முடியாது. மீறினால் பதில் கூற வேண்டிய ஒழுக்கக் கோவை ஒன்று அதற்குப் பின்னால் இருக்க வேண்டும்.

அதேவேளை, மேல்நாட்டுப் பாடநூலை அப்படியே ஒப்புவிக்கும் பட்டதாரியும் எமக்குப் பயன்படமாட்டார். இத்தா இருக்கும் பெண்ணை எவ்வாறு சந்திப்பது, மௌலவியையும் குருக்களையும் எவ்வாறு துணையாக்கிக் கொள்வது, ஸகாத் நிதியைக் கௌரவம் குன்றாமல் எவ்வாறு சேர்ப்பிப்பது என்பன நியூயோர்க் நூல்களில் இல்லை. 2014இல் மெல்பேர்னில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சமூகப் பணியின் உலகளாவிய வரைவிலக்கணம், சமூக நீதி, மனித உரிமை ஆகியவற்றோடு அந்தந்த மண்ணுக்குரிய அறிவையும் இத்துறையின் அடித்தளமாகக் கொள்கின்றது. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட் தொற்றால் மரணித்தோரின் ஜனாஸாக்களும் கட்டாயமாக எரிக்கப்பட்ட வேளையில், அக்குடும்பங்களின் துயரை இறந்தவரைப் பற்றிய கவலையாக மட்டும் கொள்ள முடியாதிருந்தது. மார்க்கக் கடமை மறுக்கப்பட்ட வேதனையாகவும் அது இருந்தது. மண்ணை அறிந்த சமூகப் பணியாளருக்கே இவ்வேறுபாடு புரியும்.

செய்ய வேண்டியவை

ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1996இல் முழுமையான பல்கலைக்கழகமானது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் உருவான அக்கல்விக்கூடம் கல்முனையிலிருந்து சிறிது நேரப் பயணத் தொலைவிலேயே உள்ளது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் தொலைவில் இல்லை. இவ்விரு பல்கலைக்கழகங்களும் இணைந்து, களப்பயிற்சியை மையமாகக் கொண்ட சமூகப் பணிக் கல்வியைத் தமிழ் மொழி மூலம் வளர்க்கலாம். சமூகவியல் பட்டம் சமூகத்தை விளங்கிக்கொள்ள உதவும். சமூகப் பணிப் பட்டம் அதனுடன் பணியாற்றப் பயிற்றும். ஒன்று மற்றதற்கு மாற்றாகாது.

தமிழ் மாணவர் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும், முஸ்லிம் மாணவர் பாண்டிருப்பிலும் திருக்கோவிலிலும் களப்பயிற்சி பெறும் நியதியொன்றை அக்கற்கைநெறியில் ஏற்படுத்த வேண்டுமென்பது எமது கருத்தாகும். 1990களின் வன்செயல்கள் விட்டுச்சென்ற காயங்களும், கல்முனையின் நிர்வாக எல்லைப் பிணக்கும் இரு சமூகங்களையும் எதிரெதிரே நிறுத்தியுள்ளன. மற்றவரது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவரது துயரைக் கேட்ட இளைஞர் ஒருவர், பின்னர் பிரதேச செயலகத்தில் அமரும்போது வேறு மனிதராகவே இருப்பார்.

ஏற்கனவே கடமையிலுள்ள உத்தியோகத்தர்களை ஒதுக்கிவிட்டு இத்தொழிலைக் கட்டியெழுப்ப முடியாது. அவர்களது அனுபவத்தை மதித்து, பகுதிநேரக் கற்கைகள் மூலம் தகைமை பெற வழிவகுக்க வேண்டும். அத்தோடு, பதிவுக்கும் ஒழுக்க விசாரணைக்குமான சட்டபூர்வ சபையொன்று அவசியமாகும். அச்சபை பட்டதாரிகளின் வேலிகட்டும் சங்கமாக மாறிவிடக் கூடாது. அது முதலிற் பாதுகாக்க வேண்டியது சேவை நாடி வருபவரையே.

2024 நவம்பர் வெள்ளத்தில், காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் அள்ளுண்டு மத்ரஸா மாணவர்கள் பலியானபோது, ஊரே வெள்ளத்தில் இறங்கித் தேடியது. அதுவே சமூக சேவை. அதற்கு எவரும் பட்டம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் உயிர்தப்பிய பிள்ளை இரவில் விழித்தெழுந்து அலறும்போது, தேடுவதற்கு இறங்கியவர்கள் தத்தமது வயலுக்கும் கடைக்கும் கடலுக்கும் திரும்பியிருப்பர். அவ்வீட்டு வாசலுக்கு ஆறாம் மாதத்திலும், ஆண்டு நிறைவிலும் அறிந்து தெளிந்து செல்ல வேண்டியவர் ஒருவர் இருக்கின்றார். அவரை உருவாக்குவதற்கே பல்கலைக்கழகக் கல்வி வேண்டும் என்கிறோம்.